வாசலுக்கு வந்த வேன்

பையில் இரண்டு ஏப்ரனும் ஓர் அடையாள அட்டையும் இருந்தன. முடிச்சூரிலிருந்து பெருங்களத்தூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. காலி மனைகளுக்கு நடுவே போகிற தெரு அது. கம்பங்கள் இருந்தன, எரிகிற விளக்குகள் குறைவு. ஒரு மனையின் நாய்கள் குரைத்து விட்ட இடத்தில் அடுத்த மனையின் நாய்கள் பிடித்துக்கொண்டன. பல ஊர்களில் பிளாட்பாரத்தில் படுத்தவன் நான். இருந்தும் குனிந்து ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். இந்த வழியைப் பற்றி அவ்வளவு பேசியவன் இன்றைக்கு முன் இதில் கால் வைத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. ஹோட்டல், லாரி ஷெட், கல்யாணச் சமையல் என்று அலைந்துவிட்டு, நாவலூரில் ஒரு ஐ.டி. கட்டடத்தின் கேண்டீனில் சேர்ந்திருந்தேன். காலை டிபனுக்காக, விடிவதற்கு முன்பே வேன் வந்து ஆட்களை ஏற்றும். முதலில் முடிச்சூர் பக்கம் போய், காய் நறுக்குகிற, பாத்திரம் கழுவுகிற பெண்களை அவரவர் வாசலில் ஏற்றிக்கொள்ளும். பிறகுதான் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் ஆண்கள். அதுவரை கொசுக்கடியில் நிற்போம். வேன் வரும்போது நல்ல சீட்டெல்லாம் நிரம்பியிருக்கும். நாங்கள் பின்சக்கரத்துக்கு மேல் குலுங்கிக்கொண்டே போவோம். இறங்கினதும் அரிசி மூட்டையும் சிலிண்டரும் எங்கள் தோளில் ஏறும்.

நிறுத்தத்துக்குப் பின்சந்தில்தான் எங்கள் அறை. அங்கே சாப்பாட்டோடு தினமும் இந்தப் பேச்சு நடக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், நமக்கு டிக்கெட். தனியாக இருக்கிற ஆண் என்றால் வீடே தர மாட்டார்கள். ஆண் அழுதால் கேலி, பெண் அழுதால் பஞ்சாயத்து. “நாம இன்னா பாவம் பண்ணோம் மச்சான்” என்று ஒருவன் தட்டைக் கழுவப் போவான். அதில் உண்மையும் இருந்தது. அந்த அறை கிடைப்பதற்கு முன் பல வாசல்களில், பேச்சுலருக்கு இல்லை என்று கதவைப் பாதி திறந்தபடியே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு நாள் சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டி, குறை ஏதாவது உண்டா என்று கேட்டார். ஆண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

“வேலைன்னு வந்தா எல்லாரும் ஒண்ணுதானே சார்? அவங்களுக்கு மட்டும் ஏன் வாசல்ல வண்டி?”

பின்னால் யாரோ கைதட்டினார்கள். சூப்பர்வைசர் கொஞ்சம் யோசித்தார். கேள்வி நியாயமானது, இனி எல்லோருக்கும் பெருங்களத்தூர் நிறுத்தம்தான் என்றார். அவருக்கு டீசல் மிச்சம். அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

பாத்திரம் கழுவுகிற ஓர் அக்காவின் வீடுதான் முடிச்சூரில் கடைசி. கணவர் லாரியில் போகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். மகளின் நர்சிங் படிப்பு இந்த வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் விடியுமுன் இருட்டில் நிறுத்தம் வரை தனியாக நடந்து வந்தார். ஒயின் ஷாப் திருப்பத்தில் ஒரு பைக்காரன் தினமும் பின்தொடர ஆரம்பித்ததும் சூப்பர்வைசரிடம் சொன்னார். எல்லோருக்கும் ஒரே ரூல் என்று அவர் என் பேச்சையே திருப்பிச் சொன்னார். அதன் பிறகு அக்கா வரவில்லை.

நான் பெருங்களத்தூர் ஆள் என்பதால், அவருடைய ஏப்ரன்களையும் அட்டையையும் வாங்கி வர என்னையே அனுப்பினார்கள். அக்கா துவைத்து மடித்துத் தயாராக வைத்திருந்தார். தண்ணீர் கொடுத்தார். திரும்ப வேலைக்கு வாருங்கள், தினமும் நானே வந்து துணைக்கு நடக்கிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தெனம் உனக்காக நின்னுகினு இருக்கணுமா?” என்றார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்: “உங்களுக்கும் வூட்டாண்ட வண்டி வேணும்னு கேட்டிருந்தா நாங்களும் கூடச் சேர்ந்து கேட்டிருப்போம். எங்களுக்கு வர்றத ஏம்பா நிறுத்தச் சொன்ன?”

எங்களுக்கும் வண்டி கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் அறைக்கு அது தேவையும் இல்லை. அவர்கள் அந்த சீட்டிலிருந்து இறங்கி எங்களோடு நிற்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நடந்துகொண்டே சூப்பர்வைசருக்கு போன் போட்டேன். பழையபடி வேனை உள்ளே அனுப்புங்கள், நான் கேட்டது தப்பு என்றேன். நீதானப்பா கேட்டாய் என்று சொல்லி வைத்துவிட்டார். பெருங்களத்தூர் வந்து சேர்ந்தபோதும் கல் கையிலேயே இருந்தது.

நிறுத்தத்தில் ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். விடியலில் கடை திறக்க ஆள் தேடுவதாக முன்பே சொல்லியிருந்தார். கேண்டீனை விட்டுவிட்டு வருகிறேன் என்று போய்க் கேட்டேன்.

“இப்போ லேடீஸ்லாம் வேனுக்கு இங்கதான் நிக்கிறாங்க. இருட்டா கீது. கடை தொறந்தா வெளிச்சமாவது இருக்கும், யாவாரமும் ஆவும்” என்றார்.

அந்த வேலையே என்னால் உண்டானது என்று அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டேன். பெண்கள் வந்து கடை ஓரம் நின்றார்கள். யாரும் டீ கேட்கவில்லை. வேன் வந்ததும் அக்காவின் ஏப்ரன் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் போய் பாலை அடுப்பில் ஏற்றினேன்.