பாண்டியன் அண்ணாவின் முதுகில் ஒட்டிய மீன்

பாண்டியன் அண்ணா இறந்துவிட்டார் என்று சொன்ன மனிதரிடம் நான் சிரித்தேன்.

அது ஒரு புதன்கிழமை. பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. அம்மாவின் தொலைபேசிக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. யாராவது பிரெஞ்சில் கொஞ்சம் வேகமாகக் கதைத்தால் அம்மா தொலைபேசியை என்னிடம் நீட்டிவிடுவார். "பிள்ளை, இஞ்சை வா. இந்த மனிசன் என்ன சொல்லுது எண்டு கேள்." பாண்டியன் அண்ணா வேலை செய்த களஞ்சியத்திலிருந்து பேசுவதாக அவர் சொன்னார். அவசரத்துக்கு அழைக்க அண்ணா எங்கள் வீட்டு இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தாராம். காலையில் வேலையிடத்தில் விழுந்தார், மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, வைத்தியசாலையில் காப்பாற்ற முடியவில்லை என்றார்.

"நல்லா நடிக்கிறீர்கள். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லுங்கள். ஏப்ரலுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது" என்று பிரெஞ்சில் சொன்னேன். அந்த மனிதர் திரும்ப ஒருமுறை அண்ணாவின் முழுப் பெயரைச் சொன்னார். பிறகு என் வயதைக் கேட்டார். பதினேழு என்றேன். பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் என் சிரிப்பு நின்றது.

நான் ஏன் சிரித்தேன் என்பதை எழுதத்தான் இந்தப் பக்கம். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு, பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் எழுதுகிறார்கள். "நீதானே அவரோடை பகிடி விட்டுத் திரிஞ்சனீ, நீயும் ஒண்டு எழுது" என்று அப்பா சொன்னார். பகிடியாக, எல்லோரும் சிரிக்க எழுதுவேன் என்று நினைத்திருப்பார். மன்னிக்க வேண்டும், அப்பா.

பாண்டியன் அண்ணா விருதுநகர்ப் பக்கம். பாரிசுக்குச் சரக்குப் போக்குவரத்தில் மேற்படிப்புப் படிக்க வந்தவர். வார இறுதிகளில் லா ஷப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் கல்லாவில் நின்றார். பாரிசின் புறநகரான கார்ஜ் லே கொனெஸ்ஸில் எங்கள் வீட்டின் சின்ன அறைக்கு வாடகைக்கு வந்து மூன்று வருடம். எனக்கு அடி விழவேண்டிய நேரங்களில் குறுக்கே வந்து நின்றவரும் அவர்தான். முதல் வாரமே அவருடைய சீனிப் போத்தலில் உப்பைக் கொட்டினேன். ஒரு வாய் தேநீர் குடித்தார், முகம் மாறாமல் மீதியையும் குடித்து முடித்தார், கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "வாலு" என்றார். அம்மாவுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குழப்படி. அன்றிலிருந்து என் பெயர் வாலு. அவருக்கு ஊரில் ஒரு தங்கை, கவிதா அக்கா. "அவளும் உன்ன மாதிரிதான். ஒரு நாள் என் ஹால் டிக்கெட்ட அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சா" என்பார். சொல்லும்போது ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி இருப்பார்.

அவரை உங்களில் பலருக்கு அவருடைய டொசியேயால்தான் தெரியும். விசாவுக்கான காகிதங்களை அடுக்கிய பச்சை நிறத் தடித்த கோப்பு. உள்ளே கண்ணாடி உறைகள், ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் எழுதிய நாக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் லூயி-பிளாங் தெருவில் அப்பா சமைக்கும் உணவகத்தில், கடைசி மேசையில் அதை விரித்து வைத்திருப்பார். மாணவர் விசாவில் வந்த பெடியங்களும் பெட்டைகளும் தங்கள் கடிதங்களோடு வந்து சுற்றி நிற்பார்கள். நான் அதற்கு டொசியே சுடுகிற கடை என்று பெயர் வைத்தேன். "முறுகலா ஒண்டு, சாதா ரெண்டு" என்று குசினியைப் பார்த்துக் கத்துவேன். அவரும் சிரிப்பார், வந்தவர்களும் சிரிப்பார்கள். ஆனால் சிரிப்பு முடிந்ததும் அவர்களுடைய கண் திரும்பக் கடிதங்களுக்குப் போய்விடும். அதை நான் பார்த்தேன். பார்த்தும் விளங்கவில்லை.

அந்த மேசையில் அவர் சொன்னது எல்லோருக்கும் பாடம். "மூணு காப்பி எடு. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு உனக்கு, ஒண்ணு பயத்துக்கு." புதிதாக வந்த ஒரு பெண் ஒருநாள், படிப்பு முடிந்ததும் எத்தனை வருடத்தில் பத்து வருட வதிவிட கார்ட் கிடைக்கும் என்று கேட்டார். அண்ணா விரல்விட்டு எண்ணினார். முதலில் வேலை தேட ஒரு வருட கார்ட். வேலை கிடைத்தால், கம்பனி ஒத்துக்கொண்டால், மாணவர் என்ற பெயரை மாற்றி வேலையாள் என்று கார்ட். அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஐந்து வருடம். அதற்குப் பிறகுதான் பத்து வருட கார்டுக்கு விண்ணப்பிக்கலாம், கிடைக்கும் என்று எழுதியும் தரமாட்டார்கள். படித்த வருடங்கள் அந்த ஐந்தில் சேராதா என்று அந்தப் பெண் கேட்டார். "சேராது. அந்த வருஷமெல்லாம் நாம இங்க இருந்தோம், ஆனா இல்ல" என்றார். அதைச் சொல்லிவிட்டுத் தன் டொசியேயை மூடித் துணியால் துடைத்தார்.

நான் இந்த நாட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அகதிகளாக வந்து எந்த வரிசையில் எத்தனை நாள் நின்றார்கள் என்பது எனக்குக் கதையாகத்தான் தெரியும். காகிதம் என்றால் எனக்கு மீன் வெட்டுவதற்கு.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே ஏப்ரல் முதலாம் திகதி காகிதத்தில் மீன் வெட்டி, ஆளுக்குத் தெரியாமல் முதுகில் ஒட்டுவார்கள். யாராவது கண்டு சிரிக்கும்வரை அந்த ஆள் மீனோடு திரிவார். போன ஏப்ரலில் அண்ணாவுக்கு மீன் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. அவர் கல்லாவை விட்டு, படித்த படிப்புக்கான வேலையில் சேர்ந்து, கார்டை மாற்ற விண்ணப்பித்து மாதக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கார்ட் வந்துவிட்டால் குறுஞ்செய்தி வரும். பழைய செய்தி ஒன்றை அவரே எனக்குக் காட்டியிருந்தார். அதில் ஒரு எழுத்தும் பிசகாமல், என் சினேகிதியின் தொலைபேசியிலிருந்து, உங்கள் கார்ட் தயார் என்று காலை எட்டு மணிக்கு அனுப்பினேன்.

அவர் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொன்னார். நீலச் சட்டையை மறுபடி இஸ்திரி போட்டார். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அம்மா பதறிப்போய் எழும்பிவிட்டார். அவர் வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டும்போது நான் முதுகில் தட்டி வாழ்த்துச் சொன்னேன். அப்படித்தான் மீனை ஒட்டினேன். வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார், எல்லோரும் சிரிப்போம் என்பது என் திட்டம். ஆனால் அவருக்கு முதுகைப் பார்க்க நேரம் இருக்கவில்லை, ஓடிவிட்டார்.

கார்ட் கொடுக்கும் அரசு அலுவலகமான பிரிபெக்தூர் வாசலில் இரண்டு மணிநேரம் அந்த மீனோடு நின்றிருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை, சொல்லவும் இல்லை. அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்கு அடுத்தவர் முதுகைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது என்று எனக்கு இப்போது தெரிகிறது. கடைசியில் வாசல் காவலாளி குறுஞ்செய்தியைப் பார்த்து, இது எங்களுடையது இல்லை என்று சொல்லி, மீனை உரித்து அவர் கையில் கொடுத்தாராம். அண்ணா திரும்பி வரும் வழியில் லா ஷப்பலில் இறங்கி ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தார். "கார்ட் வந்தா வாங்கணும்னு நெனச்சேன். நீ இவ்வளவு உழைச்சிருக்க, உனக்காவது தரணும்ல" என்றார். முதல் ஜாங்கிரியை என் கையில்தான் வைத்தார். நான் தின்றேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பக்கத்தைப் பகிடியாகவே எழுதியிருப்பேன்.

மே இரண்டாம் வாரத்தில் ஒருநாள் அவர் குசினிக்குள் வந்து தொலைபேசியை நீட்டினார். அதே வாசகம், தெரியாத இலக்கம். கார்ட் தயார். "இது நீயா?" என்று கேட்டார். அது நான் இல்லை. அந்தச் செய்தியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் ஒரே வித்தையை இரண்டாம் முறையும் செய்யும் அளவுக்கு நான் கெட்டிக்காரி என்று அவர் நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது. "கண்டுபிடியுங்கோ" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரித்தார். தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எப்படியும் விசாரிப்பார் என்று நினைத்தேன். பிறகு பரீட்சை வந்தது. மறந்துபோனேன்.

அந்த மாதக் கடைசியில் கவிதா அக்காவுக்குக் கல்யாணம். கார்ட் இல்லாமல், தற்காலிகக் கடிதத்தோடு நாட்டைவிட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று அவருக்கு ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னார்கள். ஐந்து வருடப் படிப்பையும் வேலையையும் அந்தச் சந்தேகத்தில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பாரிசில் விடிகிற நேரம், எங்கள் வீட்டு ஹோலில், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தொலைபேசியில் கல்யாணம் பார்த்தார். நான் தேநீர் கொண்டுபோனேன். மணப்பெண்ணின் கையில் அவளுடைய அண்ணன் பொரி அள்ளிப் போடுகிற சடங்கு வந்தது. திரையில் யாரோ ஒரு சித்தப்பா மகன் போட்டான். இங்கே அண்ணாவின் இரண்டு கைகளும் அவருக்குத் தெரியாமலே குவிந்துவிட்டன. பிறகு தெரிந்து, கைகளை முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

அந்த நிமிடம் எனக்கு அந்தக் குறுஞ்செய்தி ஞாபகம் வந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.

ஜூனில் ஒரு நண்பர் வற்புறுத்தி அவரைப் பிரிபெக்தூருக்கு அழைத்துக்கொண்டு போனார். கார்ட் அங்கே காத்துக்கொண்டிருந்தது. அன்று மாலை கார் து நோர் நிலையத்தில், எங்கள் ரயிலுக்காக நிற்கும்போது என்னைக் கண்டார். கார்டைக் காட்டினார். படத்தில் அதே நீலச் சட்டை. நான் வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"கல்யாணத்துக்குப் பதினேழு நாள் முன்னாடியே வந்திருக்கு, வாலு" என்றார்.

ரயில் வந்தது. ஏறினோம். எனக்கு இருக்க இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டு வந்தார். கார்ஜில் இறங்கும்போது, "வீட்ல சொல்லாத. அப்பா உன்ன உரிச்சுருவாரு" என்றார். கொஞ்ச தூரம் நடந்து, "ஏப்ரல் ஒண்ணு வரட்டும். உனக்கு இருக்கு" என்றார். நான் அழத் தொடங்கியதைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நான் மன்னிப்பும் கேட்கவில்லை. ஏப்ரலில் அவர் பழிவாங்கினால் கணக்குச் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்தப் புதன்கிழமை சிரித்தேன்.

தங்கையின் தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டுபோக அவர் பயணச்சீட்டு எடுத்திருந்தார். லா ஷப்பலில் சேலை வாங்கி விருதுநகருக்குக் கொண்டுபோகிற முதல் ஆள் நீங்கள்தான் என்று அம்மா கேலி செய்தார். அந்தச் சீர்ப் பெட்டி அவருடைய உடலோடு அதே விமானத்தில் போனது. நிரந்தர வதிவிடம் என்பதை வைத்து இந்த இடத்தில் எனக்கு ஒரு சொல் விளையாட்டு வருகிறது. எழுதமாட்டேன்.

அவருடைய அறையை ஒழுங்குபடுத்தும்போது பச்சை டொசியேயை நான்தான் திறந்தேன். கடவுச்சீட்டு, படிப்பு, வீடு, வேலை, வரி. கடைசி நாக்கில் 'இதர' என்று எழுதியிருந்தது. அந்த உறைக்குள் ஒரே ஒரு காகிதம். என் மீன். ஒட்டுநாடாவில் நீலச் சட்டையின் நூல் ஒன்று இன்னும் இருந்தது.

இது அச்சில் வந்து கவிதா அக்கா தெரிந்துகொள்வது சரியில்லை என்று பட்டது. போன ஞாயிறு அவரைத் தொலைபேசியில் அழைத்து, இந்தப் பக்கத்தை முதலிலிருந்து இதுவரை வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அவர்களும் அப்போதுதான் கேட்டார்கள். அப்பா எழும்பிப்போய் ஜன்னலைத் திறந்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"கார்டு வர ஆபீஸ்ல லேட்டாகிருச்சுன்னுதான் அண்ணன் எங்கிட்ட சொல்லுச்சு" என்றார் கவிதா அக்கா. "அந்த ஆபீஸ்காரங்கள நான் எவ்வளவு திட்டுனேன்."

மீனை என்ன செய்யட்டும், மற்றச் சாமான்களோடு அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"இங்க அனுப்பாத. நீயே வச்சுக்க."

கோபத்தில் சொன்னாரா, மனதார எனக்கே கொடுத்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. உங்களில் பலரிடம் அவர் ஒழுங்கு செய்து கொடுத்த டொசியே இருக்கிறது, சிலரிடம் அந்த டொசியே வாங்கித் தந்த கார்டும் இருக்கிறது. என்னிடம் மீன் இருக்கிறது, நூலோடு. ஏப்ரல் முதலாம் திகதி வீட்டைவிட்டு இறங்குமுன் என் முதுகைத் தடவிப் பார்ப்பேன். இந்த வருடம் மட்டுமல்ல, ஒவ்வொரு வருடமும்.