கணப்புச் சட்டியும் கிதார் ஸ்பீக்கரும்

நாயுடுபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். போன சீசனில், ஓட்டலில் பேஸ் கிதார் வாசிக்கும் சேவியர் தன் ஸ்பீக்கரைத் தூக்கி வந்தார்.

"கீழ் சுருதி வாசிச்சா கரகரங்குதுண்ணே. புதுசுதான் வாங்கணுமோ? சாயங்காலம் கச்சேரி இருக்கு."

விரல்களைப் பரப்பி, காகிதக் கூம்பை மெல்ல அழுத்தினேன். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் உரசவில்லை. அப்படியானால் கோளாறு விளிம்பில்தான். தடவிப் பார்த்தால் காகிதம் நைந்து கிழிந்திருந்தது.

"புதுசெல்லாம் வேணாம் தம்பி, ஒட்டிரலாம்" என்றேன். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் தடவி மெல்லிய தாள் ஒட்டிவிட்டு, டீ சொல்லப் போனேன்.

எங்கள் மலையூரில் மூடுபனி நாளில் காலுறை முதல் கம்பளி வரை எல்லாம் கணப்புச் சட்டி அருகேதான் காயும். அந்தப் பழக்கத்தில் சேவியர் ஸ்பீக்கரைக் கடையிலிருந்த கணப்பின் கரி நெருப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டார். திரும்பி வந்தால் விளிம்பில் தீ! வாசலில் கிடந்த ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். நல்லவேளை, ஒட்டிய தாள் மட்டுமே கருகியிருந்தது.

"வெரசாக் காயட்டும்னுதாண்ணே வெச்சேன்."

"அது காலுறை இல்லய்யா, சொல்யூஷன் பெட்ரோல் மாதிரி பத்திக்கும்!"

மறுபடி ஒட்டி, தானாகவே காயவிட்டேன். கச்சேரி தாமதமாகத்தான் தொடங்கியது. ஆனால் கரகரப்பு இல்லை.

இப்போதெல்லாம் கணப்பை வெளியே வைத்த பிறகே சொல்யூஷன் மூடியைத் திறக்கிறேன். குளிருகிறது என்று முனகுகிறவர்களுக்கு டீ வாங்கித் தருகிறேன். சேவியர் மட்டும் முனகுவதில்லை. கடைக்குள் நுழைந்ததும் சட்டியை அவரே தூக்கி வெளியே வைத்துவிடுகிறார்.