பாதி சிகரெட்

நம் பொம்மசந்திரா ஆலையின் பராமரிப்புப் பிரிவில் என்னோடு வேலை பார்த்த அமலன் இறந்துவிட்டான் என்று கேட் செக்யூரிட்டி மாதப்பா போனில் சொன்னார். "காலங்காத்தால விளையாடாதய்யா, போனை வை" என்று கத்தினேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. யாரிடமும் கத்துவதில்லை என்பதுதான் என் நோன்பு.

அமலனின் நோன்பு ஆலையில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தவக்காலம் தொடங்க, நெற்றியில் சாம்பல் பூசும் விபூதிப் புதனன்று சிகரெட்டை விடுவான். அந்த வாரமே கேன்டீன் பின்னால் மாட்டிக்கொள்வான். "நெத்திச் சாம்பல் வாய்க்கு எறங்கிடுச்சா மச்சா?" என்று கேலி செய்திருக்கிறோம்.

ஒருநாள் நானே அவனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். பாதி சிகரெட்டை ஷூவால் நசுக்கினான். "பத்த வச்சாச்சு, முழுசா இழுத்துட்டு நாளையிலேர்ந்து விடேன்" என்றேன்.

"மிச்சப் பாதிய விடுறதுக்கு எதுக்குடா நாளைக்கு?"

எனக்கு எரிச்சல். டிப்ளமா படித்தவன் நான். அளவு தவறிய பாகம் கழிவுதான்; எனக்கு நோன்பும் அப்படித்தான். முதல் வாரமே யாரையாவது திட்டிவிட்டால், இந்த வருட நோன்பு போச்சு என்று ஈஸ்டர் வரை திட்டித் தீர்ப்பேன். அதைச் சொன்னதும் சிரித்தான்.

"மெஷின் ட்ரிப் ஆகி நின்னா ஈஸ்டர் வரைக்கும் மூடியா வைக்கிறே? எதுல ஆச்சுன்னு பாத்து ஓட்டுறே இல்ல?"

தன் விஷயத்திலும் அவன் அப்படித்தான் பார்த்தான். டீ குடித்தால்தான் கை சிகரெட்டைத் தேடுகிறது என்று கண்டுபிடித்து மோருக்கு மாறினான். அப்புறமும் விழுந்தான், ஆனால் குறைவாக. போன வருடம் ஈஸ்டருக்குப் பிறகும் அவன் சிகரெட்டைத் தொடவில்லை.

இத்தனை தெரிந்தவன் இந்தத் தவக்காலத்தில் நெஞ்சு எரிகிறது என்றான். டாக்டரிடம் போகச் சொன்னேன். "நோன்பு வயிறு மச்சா, கேஸு. ஈஸ்டர் முடியட்டும்" என்றான். அது கேஸ் இல்லை, மாரடைப்பு. மிச்சப் பாதிக்கு நாளை வரை பொறுக்காதவன் இதற்கு மட்டும் ஏன் பொறுத்தான்? எனக்கு ஆறவில்லை. அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் ஒருவர், "தவக்காலத்துல போறது பாக்கியம்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அங்கிருந்து நேராக ஆலை கேட்டுக்குப் போய் மாதப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், நீங்க கத்துறது புதுசா?" என்றார்.

புதிதில்லைதான். நேற்றும் ஸ்பேனரைத் தவறாகப் போட்ட ஆபரேட்டர் ஒருவனைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். அமலனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாதி சிகரெட்தான். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினேன். ஆபரேட்டர் மீதித் திட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். ஸ்பேனரை வாங்கிச் சரியாகப் போட்டுக் காட்டினேன்.