அண்ணனைக் குப்பையில் தள்ளிய கதை

அண்ணன் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் என் இடது காது போயிற்று. நான் கொடுவாளை வீசியதில் அவன் வலது முன்கையில் பதினோரு தையல். எல்லாம் ஒரு கிணற்றுக்காக. எங்கள் ஊர் பெருமாட்டியில் அப்பா தென்னந்தோப்பைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். கிணற்றைப் பிரிக்க அவராலும் ஆகவில்லை. ஒரு நாள் அவன் மோட்டார், மறுநாள் என் மோட்டார் என்று முறை வைத்தார். அந்தக் கோடையில் தண்ணீர் அடிக்குப் போனதும் முறை தவறியது. யார் முதலில் தவறியது என்று கேட்டால் இன்றும் அவன் என்றுதான் சொல்வேன்.

ஸ்டேஷனுக்குப் போகாமல் ஊரார் மத்தியஸ்தம் வைத்தார்கள். மத்தியஸ்தர் வில்லேஜ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் இல்லாததை நம்பமாட்டார். அவர் சொன்ன தீர்ப்பு இதுதான்:

"இனிமே ரெண்டு பேரும் நேர்ல பேசப்படாது. பேசுனா வெட்டிக்குவீங்க. மோட்டாரு, மொறை, எதுன்னாலும் மெயில்ல எழுதுங்க. எழுதறதுல ஒரு காப்பி அவங்கவங்களுக்கும் போட்டுக்குங்க. ஆறு மாசம் போவட்டும், படிச்சுப் பாத்துட்டுக் கெணறு ஆருக்குன்னு சொல்றேன்."

கிணறு இல்லாதவன் தோப்பு அடுத்த கோடையைத் தாண்டாது. இருவருக்கும் அது தெரியும்.

அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே நாலு வரிசைத் தென்னை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்திலிருந்து அவன் போனில் எழுதுவான், நான் என் கம்ப்யூட்டரில் படிப்பேன். நார் மில் வைத்திருப்பதால் ஆர்டர்களுக்காக ஒரு மெயில் புரோகிராம் வைத்திருந்தேன். அண்ணன் எழுத்தில் முறை பற்றி ஒரு வரி இருக்கும். மீதி என் பிறப்பு, என் மனைவி, என் செத்துப்போன காது. படித்துவிட்டு நேராக மோட்டார் கொட்டகைக்குப் போய்க் கொடுவாளை எடுப்பேன். மனைவி வந்து பிடுங்குவாள். ஒரு தடவை பிடுங்கியதில் அவள் உள்ளங்கை கிழிந்தது. அதற்கும் அண்ணனைத்தான் திட்டினேன்.

அப்புறம்தான் அந்த வழி தோன்றியது. மெயில் புரோகிராமில் 'ஜங்க்' என்று ஒரு பொத்தான் உண்டு. வேண்டாத கடிதத்தைக் காட்டி அதை அழுத்தினால், இந்த மாதிரி வார்த்தைகள் வந்தால் குப்பை என்று அது கற்றுக்கொள்ளும். லாட்டரி விழுந்தது, மொட்டைத் தலையில் முடி முளைக்கும் என்று வருகிறவற்றுக்காக வைத்தது. நான் அண்ணனைக் காட்டிக் காட்டி அழுத்தினேன். அவன் மூக்கில் குத்துகிற மாதிரியே ஒவ்வொரு தடவையும் விரலை இறக்குவேன். மௌஸ் ஒன்று உடைந்தே போனது. ஒரு மாதத்தில் அது பாடம் படித்துவிட்டது. அண்ணன் கடிதம் என் கண்ணில் படாமலே மொட்டைத் தலை மருந்தோடு போய் விழுந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். முறையை அவன் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன?

ஆனால் நான் எழுதுவதை நிறுத்தவில்லை. என் ஸ்டார்ட்டர் ஒயரை யாரோ அறுத்த அன்றைக்கு ரொம்பவே எழுதினேன். மத்தியஸ்தர் சொன்னபடி எனக்கும் ஒரு காப்பி போட்டேன். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்கவில்லை. தான் எழுதியதைத் தானே யார் படிப்பார்கள்?

ஆறு மாதம் கழித்து மத்தியஸ்தர் என் வீட்டுக்கு வந்தார். அண்ணனும் அண்ணியும் வந்து கதவோரம் உட்கார்ந்தார்கள். என் பங்குக்கு நல்லதாக நாலு கடிதம் பொறுக்கி அச்செடுத்து வைத்திருந்தேன். அவன் போனிலும் என் மற்ற கடிதங்கள் இருக்குமே என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

"அண்ணன் எழுதுனதெல்லாம் தனியா கெடக்குதுங்க. மெசினே படிச்சுப் பாத்துக் குப்பைன்னு தள்ளீருச்சுங்க" என்று குப்பையைத் திறந்து, நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். என் காதில் விழட்டும் என்று உரக்கப் படிக்கச் சொன்னதும் நான்தான்.

முதல் இரண்டு கடிதம் என் காதைப் பற்றியவை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மூன்றாவதை அவர் படித்தார்.

"இன்னொருக்கா என்ற ஒயருல கை வெச்சீன்னா, பஸ்சுக்குப் போற உன்ற புள்ள கெணத்துல மெதக்கும். நீயே எறங்கி எடுத்துக்கலாம்."

மத்தியஸ்தர் கண்ணாடியைக் கழற்றி அண்ணனைப் பார்த்தார். "ஏனப்பா, பச்சப் புள்ளயப் போயி இப்படி எழுதலாமா? நீயும் ஒண்ணு பெத்து வெச்சிருக்கறே."

"அது நான் எழுதுனதில்லீங்க" என்றான் அண்ணன்.

பெத்து வைத்திருப்பது அவன் ஒருவன்தான். எனக்குக் குழந்தை இல்லை என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. அவன் மகளுக்கு ஒன்பது வயது. தினமும் கிணற்று மேட்டு வழியாகத்தான் பள்ளிக்கூட பஸ்சுக்குப் போவாள். பேசக்கூடாது என்ற தீர்ப்பு அவளுக்குக் கிடையாது. "சித்தப்பா" என்று கத்திவிட்டுத்தான் போவாள். மத்தியஸ்தர் திரும்பிக் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தார். அனுப்பியவர் இடத்தில் என் பெயர் இருந்தது. கீழே தள்ளிக்கொண்டே போனார். அவனுடையது ஒன்று, என்னுடையது ஒன்று என்று மாறி மாறி வந்தன. நான் காட்டிக்கொடுத்த வார்த்தைகள் யாரிடம் இருந்தாலும் அது பொறுக்கிப் போட்டிருந்தது.

அண்ணி எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "எங்கிட்ட ஏன் சொல்லலீங்க?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"சொல்லியிருந்தா புள்ளய வெளிய உடுவியா நீ? வந்த அன்னைக்கே அழிச்சுப்போட்டேன். அன்னைலிருந்து பஸ்சு ஏறுற வரைக்கும் நான்தான் பின்னால போயிட்டிருக்கறேன்."

மரத்துக்குப் பின்னால் நின்று என் மோட்டாரை வேவு பார்க்கிறான் என்றுதான் அத்தனை நாளும் நான் நினைத்திருந்தேன். அதற்கும் சேர்த்து எழுதியிருந்தேன்.

கோபத்தில் எழுதியது, மனசில் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எழுதிய அன்று மனசில் இருந்தது. அந்தப் பிள்ளை மிதப்பதை ஒரு கணம் நான் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

மத்தியஸ்தர் தீர்ப்பு எழுதத் தாளை எடுத்தார். கிணறு அண்ணனுக்கே என்று அவர் சொல்வதற்குள் அண்ணன் தையல் போட்ட கையை நீட்டித் தடுத்தான்.

"கெணறு அவனே வெச்சுக்கட்டும்ங்க. எம்பட புள்ள இனி அந்தப் பக்கம் போகாது. தோப்புக் காஞ்சா காஞ்சுட்டுப் போவுது."

அப்படியே எழுதி, அவனிடம் கையொப்பம் வாங்கி, தாளை என் பக்கம் தள்ளினார். வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்தது. மூன்று பேரும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் பேனாவை வாங்கி ஒப்புப் போட்டேன்.