அருவியில் என் இடுப்பைப் பிடித்த கைகள்

குற்றாலத்தில் என்னைக் காப்பாற்ற நாலு பேர் பாய்ந்து வந்தார்கள் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தேன். 1961, ஆடி மாதம், பேரருவி. இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் வலது கால் சூம்பிவிட்டது. கக்கத்தில் ஊன்றுகோல் வைத்துத்தான் நடை. தென்காசியில் தையல் கடை வைத்து, இடது காலாலேயே மிஷினை மிதித்துப் பிழைக்கிறேன். சாரல் காலத்தில் வாரம் ஒரு நாள் தனியாகப் பஸ் ஏறி அருவிக்குப் போய் வருவேன். அது ஒன்றுதான் எனக்கு ராஜாங்கம்.

அந்த வருஷம் பஸ் படியில் ஒரு தடவை சறுக்கினேன். அதை என் மச்சினன் பார்த்துத் தொலைத்தான். “அத்தான், இனிமே தனியாப் போவாண்டாம். நான் கூட வந்து கையைப் பிடிச்சிக்கிடுதேன்” என்றான். என் மனைவியும் அவன் கட்சி.

“இந்த ஒரு தடவை போயிட்டு, எவன் கையும் படாம திரும்பி வாரேன். பட்டுதுன்னா நீ சொல்லுதபடி கேக்கேன்” என்றேன். சத்தியமும் செய்தேன், அவன் தலையில் அடித்து. என் தலை எனக்கு வேண்டுமே.

அருவிக்கரையில் வழக்கம்போல் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். தேய்த்துவிட்டவர், “அண்ணாச்சி, கம்பி வரைக்கும் பிடிச்சிக்கிடட்டா?” என்றார். “நீரு என் கம்பைப் பிடியும். என்னைய விடும்” என்று ஊன்றுகோலை அவரிடம் கொடுத்துவிட்டு, இரும்புக் கம்பியைப் பற்றினேன். அதற்கு முன் உள்ளங்கை இரண்டையும் சீயக்காய்ப் பொடி போட்டு எண்ணெய் போகத் தேய்த்திருந்தேன். இது என் வழக்கம். மற்றவர்களுக்குக் கை வழுக்கினால் சிரிப்பு, எனக்கு வழுக்கினால் பல் போகும்.

பத்து நிமிஷம் சுகமாகப் போனது. திடீரென்று தண்ணீர் கனத்தது. யாரோ மூட்டை மூட்டையாக நெல்லை முதுகில் இறக்குவது மாதிரி அடி. போலீஸ்காரர் விசில் ஊதுவது எங்கோ கேட்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. கடையில் பாதி தைத்து வைத்த கல்யாணச் சட்டைதான் ஞாபகம் வந்தது. அதற்கு இன்னும் கை வைக்கவில்லை. கையில்லாத சட்டையோடு மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்து என்னைத் திட்டுவதுகூடத் தெரிந்தது.

அப்போதுதான் என் இடுப்பை இரண்டு கைகள் வளைத்தன. தோளில் இன்னொரு கை விழுந்தது. உயிர்ப்பயம் போய் ரோஷம் வந்துவிட்டது. போச்சு, மச்சினன் ஜெயித்துவிட்டான்!

“எடுங்கவே கையை! உங்களை யாரு கூப்பிட்டா? எனக்கு எவன் தயவும் வேண்டாம்!” என்று தண்ணீரைக் குடித்துக்கொண்டே கத்தினேன்.

பிடி இன்னும் இறுகியது. காதருகே ஒரு நடுங்கிய குரல்: “அசையாதேயும்வே! நீரு அசைஞ்சா நாங்க போயிருவோம்!”

ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். தொந்தி பெருத்த ஒரு பெரிய மனிதர் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றார். என் தோளில் இன்னொருவர். அவர்களைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு பேர். எல்லோர் கையிலும் எண்ணெய். கம்பி யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. வழுக்காமல் நின்ற ஒரே பொருள் நான்தான். நான் பயத்தில் விறைத்து நின்றதை அவர்கள் தைரியம் என்று நினைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் தணிந்ததும் போலீஸ்காரர் எல்லோரையும் கரையேறச் சொன்னார். எண்ணெய்க்காரர் என் ஊன்றுகோலோடு கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். நடுவில் பத்தடிப் பாசிப் பாறை. தொந்திக்காரர் தோளைக் காட்டினார்.

“நான் யாரையும் பிடிச்சி நடக்கிறதில்ல” என்றேன்.

“நல்ல ஆளுவே நீரு! உம்ம இடுப்பப் பிடிச்சித் தொங்குனப்ப நான் வெக்கப்பட்டனா? சும்ம பிடியும்.”

பிடித்தேன். எண்ணெய்த் தோள், இரண்டு தடவை வழுக்கியது. இரண்டு தடவையும் அவர் நின்று, நான் சரியாகப் பிடித்த பிறகுதான் காலெடுத்து வைத்தார். சிவகிரிப் பக்கம் என்று சொன்னார். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் மறைக்காமல் சொன்னேன். “சொன்னம்லா அத்தான்!” என்று மச்சினன் குதித்தான். அடுத்த வாரம் அவனும் வந்தான். பாறையில் நான் அவன் தோளைப் பிடித்தேன். தண்ணீருக்குள் போனதும் அவன் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

பிடிக்க வந்த கையெல்லாம் என்மேல் இரக்கப்பட்டு வந்தது என்று முப்பத்தைந்து வருஷம் நினைத்திருந்தவன் நான். அன்று பேரருவியில் நடந்தது இவ்வளவுதான்: நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பிறகு பத்தடி தூரம் நான் ஒருவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.