அத்தையைத் தாண்டிப் போன அப்பத்தட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்றே பல வருஷம் போய்விட்டது. எழுதினால் ஏதாவது ஒரு சபையைத் தூற்றியதாகிவிடுமோ என்று பயம். கர்த்தர் என் மனதை அறிவார்.

நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார், மயிலாப்பூரில் எங்கள் சபையில் கைக்குழந்தையாய்த் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்றவர். மாதம் ஒருமுறை அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறு என்றால் அவருக்கு உயிர். "அப்பம் வாங்காத மாசம் துன்ன மாரியே இல்லம்மா" என்பார்.

கொழுந்தனார் கொட்டிவாக்கத்தில் முழுக்கு ஞானஸ்நான சபை ஒன்றில் மூப்பர். ஒரு மழைக்காலத்தில் அத்தை அவர் வீட்டில் தங்கியிருந்தார். நானும் ஒரு ஞாயிறு அவர்களோடு அந்தச் சபைக்குப் போனேன். அப்பத்தட்டைக் கொழுந்தனாரே எடுத்து வந்தார். அத்தை கையை ஏந்தினார். தட்டு அவரைத் தாண்டிப் பக்கத்து நாற்காலிக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பெத்தவங்களுக்கு ஒரு துண்டு இல்லயா தம்பி?"

"ரொட்டி சமையல்கட்டுல நெறைய கீது அண்ணி, துன்னச் சொல்லுங்க. விசுவாசிச்சு முங்குனாதான் ஞானஸ்நானம். பால் குடிக்கிற கொழந்தைக்கு இன்னா விசுவாசம்? அம்மாவுக்கு அன்னிக்குத் தலை நனைஞ்சுது, அவ்ளோதான்."

அடுத்த மாதம் அத்தை, மூச்சிரைப்போடு, மேடைக்கு அடியில் உள்ள தொட்டியில் இறங்கினார். முங்கி எழுந்தவருக்கு இருமல் நிற்கவில்லை. சபையார் கைதட்டினார்கள். அன்றைக்கு அப்பம் கிடைத்தது.

இருமலால் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லையென்று, அந்த வாரமே கொழுந்தனார் அவரை ஆட்டோவில் எங்களிடம் அனுப்பிவிட்டார். படுத்தவர் எழவில்லை. அப்பம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து கொடுக்கும்படி எங்கள் ஆயரிடம் போய் நின்றேன்.

"நாங்க குடுத்தது வெறுந்தண்ணின்னுதானே அங்க போய் முங்குனாங்க? சபை முன்னால நின்னு, செஞ்சது தப்புன்னு சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

"எழுந்திருக்கவே முடியல ஐயா."

"தொட்டியில எறங்க முடிஞ்சுதே."

கொழுந்தனாருக்குப் போன் செய்தேன். "சபையா கூடி எடுக்குறதுதான் அப்பம் அண்ணி. பார்சல்லாம் கட்ட மாட்டோம்."

"யாராச்சும் வராங்களா?" என்று அத்தை கேட்பார். "வந்துக்கினே கீறாங்க அத்தை" என்பேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கேட்பது நின்றுவிட்டது.

அடக்கத்துக்கு இரண்டு பக்கத்தாரும் வந்தார்கள். முதல் ஜெபம் யார் செய்வது என்று வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டே வாக்குவாதம்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். யாரையும் நல்லவராக்கவும் வேண்டாம், கெட்டவராக்கவும் வேண்டாம். நடந்தது எப்படியோ, அப்படியே சொல்லுங்கள்.