நிறுத்தச் சொன்னது அண்ணிதான்

நான் ஊர் சுற்றக் கிளம்பிய வியாழக்கிழமை, அண்ணியும் என்னோடு கிளம்பினார். முதல் பத்து நாள் மட்டும் கூட வருவதாகப் பேச்சு. வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடத்தில் அவர் எடுத்த முதல் நீண்ட விடுப்பு. ஜன்னலோர சீட்டைப் பிடித்து, செருப்பைக் கழற்றி, காலை மடக்கி உட்கார்ந்துவிட்டார். பஸ் புறப்படப் பத்து நிமிஷம் இருந்தபோது போன் அடித்தது.

"எந்த ஃபைல்? எத்தனாவது வரி?" என்று கேட்டுக்கொண்டே காலால் செருப்பைத் துழாவினார்.

"எடுக்காம இருந்திருக்கலாம்ல அண்ணி?"

"ஆபீஸ்ல புரோகிராம் நின்னுடுச்சுடி, காத்தாடி. நீ போ. போட்டோ அனுப்பு."

காத்தாடி நான்தான். ஓரிடத்தில் தரிக்கமாட்டேன் என்று அண்ணி வைத்த பெயர்.

நான்கு வருடம் சுற்றிவிட்டு வந்தேன். அண்ணி அதே ஆபீஸில், அதே நாற்காலியில் இருந்தார். ஒருநாள் சாப்பாடு கொடுக்கப் போய், மாலைவரை அவர் பக்கத்திலேயே இருந்தேன். ஜன்னல் இல்லாத அறை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. அறுபது சின்ன லேப்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஃபைல்களாக அனுப்புகின்றன. பெயர், வயது, அளவு என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு திறக்கும் குறி, பின்னால் ஒரு மூடும் குறி. அண்ணியின் புரோகிராம் அவற்றைப் படித்து அந்தந்த மருத்துவருக்கு அனுப்பும். எங்காவது ஒரு குறி மூடப்படாமல் இருந்தால் அந்த ஃபைலைப் படிக்க முடியாது. புரோகிராம் அப்படியே நின்றுவிடும். பின்னால் வரிசையில் இருக்கும் நூறு ஃபைலும் நிற்கும். அண்ணி அந்த வரியைக் கண்டுபிடித்து, லேப்புக்குப் போன் போட்டு, சரியான ஃபைலை வாங்கிப் போட்டால்தான் மறுபடி ஓடும். அன்றைக்கு மட்டும் ஐந்து முறை நின்றது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கெட்டுப்போன ஃபைலை ஓரமா தள்ளிட்டு ஓடச் சொல்ல முடியாதா? எனக்கு நாலு பக்கமும் திட்டு."

"முடியும் சார். முன்னாடி அப்படித்தான ஓடுச்சு."

"அப்புறம் என்ன?"

"தள்ளினதை யார் சார் பார்ப்பா?"

"பார்க்கலாம், பார்க்கலாம்."

"அப்பவும் இதையேதான் சொன்னாங்க."

அவர் வாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணி சேர்ந்த புதிதில், படிக்க முடியாத ஃபைல்களைச் சத்தமில்லாமல் ஒரு போல்டரில் போட்டுவிட்டு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு பெண் ஆபீஸ் கவுண்டருக்கு வந்து கணவரின் ரிசல்ட்டைக் கேட்டார். ரத்தம் கொடுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. "யாரும் ஒண்ணும் சொல்லலையே, அப்ப நல்லாத்தான் இருக்கும்னு இருந்துட்டோம்" என்றாராம். அண்ணி அந்த போல்டரைத் திறந்தார். முந்நூற்றுப் பதினொரு ஃபைல்கள். அந்தக் கணவருடையதும் இருந்தது. நல்லதாக இல்லை. அன்று மாலையே, பிழை வந்தால் நிறுத்து என்று புரோகிராமை மாற்றி எழுதினார்.

"நின்னாத்தான் கத்துவாங்க. கத்தினாத்தான் ஒருத்தராவது பார்ப்பாங்க" என்றார் என்னிடம்.

"அந்த ஒருத்தர் எப்பவும் நீங்கதானே?"

"ரெண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தன் மூணு மாசத்துல ஓடிட்டான். இன்னொருத்தி மூணு நாள்ல. கெட்டிக்காரி." சிரித்தார். "நீ ஊரெல்லாம் சுத்தின. நானும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன், இந்த நாற்காலியில. சக்கரம் வச்சிருக்காங்க, பாரு."

புரோகிராம் மறுபடி நின்று, திரை சிவப்பானது. சிரிப்பை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினார்.

எட்டு மாதம் கழித்து, அண்ணிக்குக் கேட்காமலே விடுப்பு கிடைத்தது. "போய்ட்டு வாம்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்று மேனேஜரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். அண்ணனும் அண்ணியும் மலையூர் ஒன்றுக்குப் போனார்கள். முதன்முறையாக நான் வீட்டில், அவர் வெளியில். முதல் நாள், தொப்பி போட்ட ஒரு போட்டோ வந்தது. அடுத்த நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் செய்தி வந்தது:

"மூணு நாளா ஆபீஸ்லேர்ந்து ஒரு போன்கூட இல்லை. நானே கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு தடவைகூட நிக்காம ஓடுதாம். எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. அந்த போல்டரைத் திறந்து பார்க்கணும். உன் அண்ணன் குளிக்கப் போயிருக்கார், இன்னும் சொல்லலை. நாலு மணி பஸ்ல திரும்பறேன்."